விலை கொடுத்து வாங்காத கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் பண்டிகையைக் கடைத்தெருவின் தள்ளுபடி அறிவிப்புகளோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்ட காலம் இது. ஆயினும் அப்பண்டிகையின் வழக்கங்களுள் சிறுவர் மனத்தில் ஆழப் பதிந்து முதுமை வரை உடன் வருபவற்றை எடுத்துப் பார்த்தால், அவற்றிற் பல பணப்புழக்கம் குறைந்த இடங்களில், கையில் அகப்பட்டதைக் கொண்டு உருவாக்கப்பட்டவை என்பது தெரியவரும். ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் மரச்சக்கரம், விடுதி மாணவர் ஒட்டிய தாள் நட்சத்திரம், மலைக்கிராமத்து வைக்கோல் தொட்டி, ஆற்றோரச் சிற்றூரில் ஒற்றைக் கித்தாரோடு பாடப்பட்ட பாட்டு ஆகியவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் நாள் பிடித்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது, மற்றவர் காத்திருக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸின் எளிய மகிழ்ச்சிகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றின் உண்மையான மூலதனம் நேரம்தான் என்று கொள்வதற்கு அவற்றின் வரலாறு இடமளிக்கிறது.

காத்திருத்தலுக்குத் திருச்சபையே ஒரு கால அளவை வகுத்து வைத்திருக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய நாள்களைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் அட்வெந்து என்றும் வழங்குவர். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் அமைவதால், காலத்தின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறி 22 நாள் முதல் 28 நாள் வரை செல்லும். பெரியவர்களுக்கு இது மனத்தைத் தூய்மை செய்துகொள்ளும் காலம்; சிறுவர்க்கோ எத்தனை நாள் இருக்கிறது என்ற ஒரே கேள்வியின் காலம்.

அக்கேள்விக்குக் கண்ணால் காணத்தக்க விடை ஒன்றைக் கொடுத்தவர் யோகான் ஹின்ரிச் விஹெர்ன் (1808–1881) என்னும் ஜெர்மானிய இறையியலாளர். துறைமுக நகரமான ஹாம்பர்க்கின் புறத்தே இருந்த ஹோர்ன் என்னும் ஊரில், வறுமையிலும் கவனிப்பின்மையிலும் கிடந்த நகரச் சிறுவர்களுக்காக அவர் 1833இல் ‘ரௌஹெஸ் ஹவுஸ்’ என்னும் இல்லத்தைத் தொடங்கினார். பண்டிகை எப்போது வரும் என்று சிறுவர்கள் நாள்தோறும் கேட்டு நச்சரித்ததால், 1839இல் அவர் மரச்சக்கரம் ஒன்றின் மீது மெழுகுவர்த்திகளை நட்டு வைத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள் இருபதும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள் நான்கும் அதில் இருந்தன. நாளுக்கு ஒன்றாகக் கூடுதலாக ஏற்றிக்கொண்டே வர, முதல் நாள் மாலையில் மங்கலாக இருந்த கூடம் பண்டிகைக்கு முந்தைய மாலையில் இருபத்துநான்கு சுடரோடு ஒளிர்ந்தது. எண்ணத் தெரியாத சிறுவனும், எரியும் திரிகளையும் எரியாத திரிகளையும் பார்த்தே எஞ்சிய நாளை அறிந்துகொண்டான். பிற்காலத்தில் சக்கரத்தைச் சுற்றிப் பசுந்தழை கட்டும் வழக்கம் வந்து, வார நாள் மெழுகுவர்த்திகள் கைவிடப்பட்டு, நான்கு மெழுகுவர்த்தி கொண்ட திருவருகை வளையமாக அது சுருங்கியது. இன்று தமிழகத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் பீடத்தருகே வைக்கப்படும் வளையம் இதன் வழித்தோன்றலே.

இதே கேள்விக்கு ஜெர்மானிய வீடுகள் கண்ட விடை இன்னும் மலிவானது. கதவில் இருபத்துநான்கு சுண்ணக்கட்டிக் கோடுகளைப் போட்டுவைத்து, நாளுக்கொன்றைச் சிறுவரைக் கொண்டே அழிக்கச் செய்தனர். கெர்ஹார்டு லாங் என்னும் பதிப்பாளர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தாயார் இருபத்துநான்கு சிறு பிஸ்கோத்துகளை ஓர் அட்டையில் இணைத்துக் கொடுத்து, நாளுக்கொன்று மட்டும் எடுத்துத் தின்ன அனுமதித்தார். அந்நினைவை மறவாத லாங், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ம்யூனிக் நகரில் அதனை அச்சிட்ட நாள்காட்டியாக வெளியிட்டார். இன்று சாக்லேட் அடைத்த அட்டைப்பெட்டிகளாக அந்த நாள்காட்டி உலகெங்கும் விற்கிறது. வாசனைத் திரவியக் குப்பிகளும் ஒப்பனைப் பொருள்களும் அடைத்த விலையுயர்ந்த வகைகளும் வந்துவிட்டன. பொறுமையைப் பழக்குவதற்கு ஒரு தாய் செய்த அட்டை, வாங்கும் ஆசையை நாள்தோறும் கிளறும் பெட்டியாக மாறியது பண்டிகை வணிகத்தின் இயல்பைக் காட்டப் போதுமானது.

நட்சத்திர விளக்கின் கதையில் பிரிவும் கலந்திருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் 1722இல் நிறுவப்பட்ட ஹெர்ன்ஹூட் என்னும் ஊர், மொராவியச் சகோதரர் சபை எனப்படும் சீர்திருத்தக் குழுவின் தாயகமாகும். அக்குழுவினர் கிரீன்லாந்து, லாப்ரடார், சுரினாம், தென்னாப்பிரிக்கா எனத் தொலைநாடுகளுக்குச் சமயப் பணியாளராகச் சென்றனர். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிப் பருவம் வந்ததும் தாயகத்து விடுதிகளுக்கு அனுப்பப்பட்டு, பெற்றோரைப் பல ஆண்டுகள் காணாமலே வளர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹெர்ன்ஹூட்டை அடுத்த நீஸ்கி என்னும் ஊரின் ஆண்கள் விடுதிப் பள்ளியில், வடிவக் கணிதப் பாடத்தின் ஒரு பயிற்சியாக, தாளைக் கூம்புகளாக மடித்து ஒட்டிப் பல முனை நட்சத்திரம் செய்யும் பழக்கம் உண்டாயிற்று. சதுர அடி கொண்ட கூம்புகள் பதினேழு, முக்கோண அடி கொண்டவை எட்டு என இருபத்தைந்து முனைகள் உடையது இன்றைய வழக்கமான வடிவம். சதுரமும் முக்கோணமுமாக இருபத்தாறு முகங்களைக் கொண்ட ஒரு திண்மத்தில், விளக்கைத் தொங்கவிடுவதற்காக ஒரு முகத்தைத் திறந்து விடுவதால் இவ்வெண்ணிக்கை வருகிறது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அந்நட்சத்திரத்தைக் கூடி உட்கார்ந்து ஒட்டுவது, வீட்டை நினைத்து ஏங்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதலாக அமைந்தது. அங்கே பயின்று வளர்ந்தவர்கள் தத்தம் குடும்பங்களுக்கு அவ்வழக்கத்தைக் கொண்டு சென்றனர்.

இச்சபைக்குத் தமிழகத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. அதற்குப் புத்துயிரூட்டிய ட்சின்ட்சென்டார்ஃப் பிரபு, ஹாலே நகரில் மாணவராக இருந்தபோது தரங்கம்பாடி மிஷனின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அச்சபையினர் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினர். ஆனால் நீஸ்கியின் நட்சத்திரம் அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது என்பதால், தமிழகத்து நட்சத்திர விளக்கை அவர்கள் கொண்டுவந்தனர் என்று கதை கட்ட வழியில்லை. தமிழகத்து நட்சத்திரம் வேறு வகையைச் சேர்ந்தது. பிளந்து சீவிய மூங்கில் சிம்புகளைக் கொண்டு ஐந்து முனைச் சட்டம் இரண்டைக் கட்டி, முனைகளில் ஒன்றோடொன்று பிணைத்து, உள் மூலைகள் ஐந்திலும் சாண் அளவுக் குச்சிகளைக் குறுக்கே ஊன்றினால், சட்டங்கள் நடுவில் புடைத்துக்கொண்டு விரியும். அதன் மேல் வண்ணத்தாளை மைதாப் பசையால் ஒட்டி, உள்ளே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுவர். குச்சி ஒன்று நீளம் கூடினால் நட்சத்திரம் கோணிக்கொள்ளும். பசை காயுமுன் இழுத்தால் தாள் கிழியும். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டத் தெருக்களில் யார் வீட்டு நட்சத்திரம் பெரியது, யார் வீட்டது உயரத்தில் தொங்குகிறது என்ற போட்டியே சிறுவர்க்கு டிசம்பர் மாதத்து விளையாட்டாக இருந்துவந்தது. மடித்து விரிக்கும் ஆயத்த நட்சத்திரங்கள் கடைக்கு வந்தபின் போட்டி நீடிக்கிறது, மூங்கில் சீவும் வேலைதான் குறைந்துவிட்டது.

குடில், அதாவது கிறிஸ்து பிறந்த தொழுவத்தின் காட்சியைப் பொம்மைகளால் அமைத்துக் காட்டுவது, இவ்வழக்கங்கள் எல்லாவற்றிலும் பழமையானது. இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலைக்கிராமத்தில் 1223ஆம் ஆண்டு, அசிசி நகரத்துப் பிரான்சிஸ், வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டி ஒன்றையும் உயிருள்ள ஓர் எருதையும் கழுதையையும் கொண்டு, கிறிஸ்து பிறந்த இரவின் வறுமையை ஊராருக்குக் காட்டினார். அவருடைய வரலாற்றை முதன்முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமா இதனை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். உடைமை துறந்து வாழ்ந்த ஒருவர் ஏழ்மையைப் போற்றுவதற்காக அமைத்த இக்காட்சியே, 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் நகரில் பட்டுடுத்திய பொம்மைகளும், சந்தைக் கடைகளும், இறைச்சியும் பழமும் குவிந்த விற்பனைத் தட்டுகளுமாக, அரசரும் செல்வரும் ஒருவரையொருவர் விஞ்ச முயன்ற ஆடம்பரமாயிற்று. ஆகவே பண்டிகையைப் பொருள் விழுங்கிவிட்டது என்பது நம் காலத்துக்கு மட்டும் உரிய குறை என்று கருதுவது சரியன்று.

தமிழகத்து வீட்டுக் குடில் பெரும்பாலும் கிரேச்சோவுக்கே நெருக்கமானது. பழுப்புத் தாளைக் கசக்கி, சாயம் தெளித்துப் பாறையாக்குவர், உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும், வைக்கோல் கூரையாகும். மலைச் சரிவில் புல் வேண்டுமென்பதற்காக, பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னரே கேழ்வரகு, நெல், கோதுமை போன்ற தானியங்களைத் தட்டிலோ சிரட்டையிலோ மண் பரப்பி விதைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்து வளர்ப்பர். முளை விட்டதா என்று பார்ப்பதற்காகவே சிறுவர் விடியலில் எழுவர். பொம்மைகளில் இடையரும் ஆடுகளும் மரியாளும் சூசையும் முன்பே இடம் பிடித்துவிட, நடுவே உள்ள வைக்கோல் படுக்கை மட்டும் வெறுமையாகக் கிடக்கும். 24ஆம் நாள் நள்ளிரவுத் திருப்பலிக்குப் பின்னரே பாலன் இயேசுவின் உருவம் அதில் கிடத்தப்படும். பண்டிகையின் மையப்பொருளைக் கடைசி நேரம் வரை வைக்காமல் விட்டிருப்பது, சிறுவர்க்குக் காத்திருத்தலைக் கற்பிக்க வீட்டார் கண்ட வழிகளுள் மிகக் கூர்மையானது.

பாடலுக்கு வந்தால், இன்று உலகின் நூற்றுக்கணக்கான மொழிகளில், தமிழ் உட்பட, பாடப்படும் ‘ஸ்டில்லெ நாக்ட்’ என்னும் ஜெர்மானியப் பாடலின் பிறப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்ததன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் பல பகுதிகளில் கோடையே இல்லாமற்போய்ப் பயிர்கள் அழிந்தன; நெப்போலியப் போர்களின் துயரமும் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த 1816ஆம் ஆண்டில் இப்பாடலின் வரிகளை எழுதியவர், வறிய தாய்க்கு மணஉறவுக்கு வெளியே பிறந்து, பிறர் ஆதரவில் படித்துக் குருவான யோசப் மோர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1818 டிசம்பர் 24 அன்று, சால்சாக் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப் ஊரின் புனித நிக்கோலாஸ் கோயிலில், பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் சேவர் குரூபர் அமைத்த இசையில், இருவருமாகச் சேர்ந்து கித்தார் துணையுடன் அதைப் பாடினர். கோயில் ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டதால்தான் கித்தார் எடுக்கப்பட்டது என்ற கதை பிற்காலத்தார் சேர்த்த சுவை. எலி இல்லாமலே அந்நிகழ்ச்சி போதிய அளவு எளிமையானதுதான்.

கூடிப் பாடுவதில் தமிழ்க் கிறிஸ்தவர்க்கு நெடிய மரபு உண்டு. தஞ்சை அரசவையோடு தொடர்புடையவராகவும், ஜெர்மானியப் போதகர் சுவார்ட்சின் மாணவராகவும் விளங்கிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவத்தை எடுத்தாண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றியதோடு, இன்றும் ஆலயங்களில் ஒலிக்கும் கீர்த்தனைகள் பலவற்றையும் விட்டுச் சென்றார். கீர்த்தனைகளும் மேனாட்டு மெட்டில் அமைந்த பாமாலைகளும் கலந்து ஒலிக்கும் நிகழ்ச்சி, டிசம்பர் மாத இரவுகளில் நடைபெறும் கீத பவனியாகும். பேச்சுவழக்கில் கேரல் ரவுண்ட்ஸ் எனப்படும் இதில், சபையின் இளைஞரும் சிறுவரும் டிரம், கித்தார், தம்புரின் முதலியவற்றுடன் வீடு வீடாகச் சென்று ஓரிரு பாடல் பாடி, சிறு ஜெபம் செய்து, வீட்டார் தரும் காணிக்கையையும் தேநீரையும் பெற்றுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நகர்வர். பஞ்சுத் தாடியும் முகமூடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவர் ஆடிக்கொண்டே மிட்டாய் கொடுப்பார். அவருடைய செருப்பைப் பார்த்தே இன்ன வீட்டு அண்ணன் என்று சிறுவர் கண்டுபிடித்துவிடுவர். கண்டுபிடித்த பின்னும் பயப்படுவதை நிறுத்தமாட்டார்கள். பட்டியலில் கடைசியாக வரும் தெருவுக்குப் பவனி சென்று சேர நள்ளிரவு கடந்துவிடுவதும் உண்டு. வழக்கமான நாளில் ஒன்பது மணிக்கே படுக்கைக்கு விரட்டப்படும் சிறுவன், ஊர் உறங்கும் வேளையில் வாசற்படியில் விழித்திருக்க அனுமதிக்கப்படுவதே பெரும் பரிசாக அமைந்துவிடுகிறது. இலங்கைத் தமிழர் நத்தார் என்று அழைக்கும் இப்பண்டிகையை ஒட்டி, அங்குள்ள பள்ளிகளில் நடத்தப்படும் ஒளி விழாவில் பிற சமயப் பிள்ளைகளும் சேர்ந்து பாடி நடிப்பர்.

நேரமே மூலதனம் என்று சொல்லும்போது அது யாருடைய நேரம் என்று கேட்பதும் கடமையாகிறது. அதற்கு விடை அடுக்களையில் இருக்கிறது. தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எனப் பலகார வேலை தொடங்கிவிடும். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயற்றை வறுத்து, உடைத்து, மாவாக்கி, வறுத்த தேங்காயும் எள்ளும் கலந்து, வெல்லப்பாகில் சூடு ஆறுமுன் உருண்டை பிடித்து, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் இட வேண்டும். அச்சுமுறுக்கு இன்னும் நுணுக்கமானது. பூ வடிவ இரும்பு அச்சை முதலில் எண்ணெயில் சுட வைத்து, பிறகு தேங்காய்ப்பால் சேர்த்த மாவில் விளிம்பு மூழ்காதபடி முக்கால் அளவு மட்டும் அமிழ்த்தி, மீண்டும் எண்ணெயில் பிடித்து, வெந்து வரும் நேரத்தில் லேசாகத் தட்டிக் கழற்ற வேண்டும். அச்சு போதிய சூடாக இல்லையென்றால் மாவு ஒட்டாது. விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் கழலாது. இந்தக் கணக்கைப் பல மணி நேரம் அடுப்பின் வெக்கையில் உட்கார்ந்து பார்ப்பவர் தாயோ பாட்டியோ அத்தையோதான். சிறுவரின் பங்கு உடைந்ததைத் தின்பதும் தகர டின்களில் எண்ணி அடுக்குவதுமே. ஆகவே சிறுவயதுக் கிறிஸ்துமஸ் செலவில்லாதது என்று ஆண்கள் எழுதும்போது, அச்செலவு பெண்களின் உழைப்புக் கணக்கில் எழுதப்பட்டதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இனிப்பின் சுவையைவிட, பண்டிகையன்று காலையில் துணி மூடிய தட்டை ஏந்தி இந்து, இஸ்லாமிய அண்டை வீடுகளுக்குச் சென்று ‘அம்மா குடுத்துவிட்டாங்க’ என்று நீட்டியதும், தீபாவளிக்கும் ரம்சானுக்கும் அதற்குப் பதில் தட்டு வந்ததுமே பலருக்கு நினைவில் தங்கியிருக்கின்றன.

இந்நினைவுகள் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கின்றன என்பதற்கு உளவியல் சில விளக்கங்களைத் தருகிறது. மிக இளம் பருவத்து நிகழ்ச்சிகளைப் பெரும்பாலோர் பிற்காலத்தில் நினைவுகூர முடிவதில்லை; ஏறத்தாழ மூன்று, நான்கு வயதுக்குப் பின் நடந்தவையே நிற்கின்றன. அவற்றுள்ளும் ஆண்டுதோறும் ஒரே முறையில் திரும்ப நிகழ்பவை தனித்தனியே நிற்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பொதுவான ஒரு படிமமாகிவிடுகின்றன. எந்த ஆண்டில் எது நடந்தது என்று கேட்டால் சொல்ல வராது. ஆனால் கிறிஸ்துமஸ் என்றால் எப்படி இருக்கும் என்பது துல்லியமாக வரும். வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ், ஸ்வான்சீ நகரில் கழிந்த தம் சிறுவயதைப் பற்றி எழுதி, 1952இல் நியூயார்க்கில் தம் குரலில் பதிவு செய்த ‘எ சைல்ட்ஸ் கிறிஸ்துமஸ் இன் வேல்ஸ்’ என்னும் உரைநடையில், எல்லா ஆண்டுகளின் கிறிஸ்துமஸும் ஒன்றாகக் கலந்துவிட்ட இந்நிலையையே நகைச்சுவையோடு கையாள்கிறார். மணமும் இதில் துணை செய்கிறது. மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புத்தடம், உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளோடு மற்றப் புலன்களின் தடத்தைவிட நேரடியாக இணைந்திருப்பதால், வெல்லப்பாகின் வாசனையோ அணைந்த மெழுகுவர்த்தியின் புகையோ ஐம்பது ஆண்டு பின்னோக்கி இழுத்துச் செல்ல வல்லது. ஆண்டுதோறும் மாறிய பொம்மையும் சட்டையும் மறந்துபோக, மாறாமல் வந்த மணமும் பாட்டும் நிற்பதற்கு இதுவே காரணமாகலாம்.

அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட் 1956இல் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் மெமரி’ என்னும் சிறுகதையை இங்கு ஒப்புநோக்கலாம். அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1930களின் பொருளாதார மந்த காலத்தில், ஏழு வயதுச் சிறுவனும் அவனுடைய தூரத்து உறவினரான அறுபது கடந்த மூதாட்டியும் ஆண்டு முழுவதும் சில்லறை சேர்த்து, முப்பதுக்கும் மேற்பட்ட பழக் கேக்குகளைச் சுட்டு, பெரும்பாலும் முன்பின் அதிகம் பழகாதவர்களுக்கு அனுப்பிவைக்கின்றனர்; அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கும் ஒன்று போகிறது. கடைப்பொருள் வாங்க இருவரிடமும் பணமில்லை என்பதால், முந்தைய ஆண்டைப் போலவே ஒருவருக்கொருவர் கையால் செய்த பட்டத்தைப் பரிசளித்துக்கொள்கின்றனர். கபோட்டின் சொந்தச் சிறுவயதை அடியொற்றிய இக்கதை, பெற்றோரால் உறவினர் வீட்டில் விடப்பட்ட ஒரு பிள்ளையின் தனிமையை மறைக்கவில்லை. அதனால்தான் அதில் வரும் மகிழ்ச்சி நம்பத்தக்கதாக இருக்கிறது.

பொருளுக்கும் பண்டிகை மகிழ்ச்சிக்கும் உள்ள உறவை அளந்து பார்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. உளவியலாளர்களான டிம் காசரும் கென்னன் ஷெல்டனும் 18 முதல் 80 வயது வரையிலான 117 பேரிடம் அவர்களுடைய கிறிஸ்துமஸ் அனுபவத்தைக் கேட்டறிந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தோடு கழித்த நேரமும் சமய அனுபவமும் முதன்மை பெற்றவர்கள் கூடுதல் மனநிறைவைக் கூறினர் என்பதும், செலவு செய்வதும் பரிசு பெறுவதும் முதன்மை பெற்ற இடங்களில் மனநிறைவு குறைந்திருந்தது என்பதும் தெரியவந்தன. நூற்றுச் சொச்சம் அமெரிக்கரைக் கொண்ட சிறிய ஆய்வு இது; எது காரணம், எது விளைவு என்பதையும் அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆயினும் அதன் முடிவு பாட்டிமார் நெடுங்காலமாகச் சொல்லிவருவதற்கு முரணாக இல்லை.

ஆனால் இதிலிருந்து ஏழ்மையே இனிமை என்று முடிவு கட்டுவது தவறு. ரௌஹெஸ் ஹவுஸ் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்திக்கு முன்னர் உணவும் படுக்கையும் கிடைத்தன என்பதை மறக்கலாகாது. புதுச்சட்டை இல்லாததால் ஆலயத்துக்கு வராமல் ஒதுங்கி நின்ற பிள்ளைகள் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய நினைவில் டிசம்பர் 25 இனிக்காது. பரிசுப் பொருளும் தன்னளவில் குற்றமுடையதன்று. ஹென்றி கோல் என்னும் ஆங்கிலேயர் 1843இல் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை ஆயிரம் படிகள் அச்சிட்டு ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றது வணிகமே என்றாலும், தொலைவில் இருப்போரை ஆண்டுக்கொருமுறை நினைக்கவைக்கும் பழக்கம் அதனால் பரவியது. தபால்காரரின் வரவை எதிர்பார்த்து, வந்த வாழ்த்து அட்டைகளை நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிட்ட தலைமுறை அதனை நன்கறியும். பொருள் வந்ததால் எளிய மகிழ்ச்சிகள் மறைந்தன என்பதைவிட, அவற்றுக்கு உரிய நாள்களை ஒதுக்க ஆள் இல்லாமற் போயிற்று என்பதே பொருத்தமான கணிப்பு. பணிக்காகச் சென்னையிலும் வளைகுடாவிலும் வாழும் குடும்பம் 24ஆம் நாள் மாலையில் ஊர் வந்து 26ஆம் நாள் திரும்பும்போது, குடிலும் நட்சத்திரமும் பலகாரமும் கடையிலிருந்து வருவதைத் தவிர வேறு வழியில்லை.

எனினும் எல்லாவற்றையும் மீட்டாக வேண்டும் என்பதில்லை, ஒன்று போதும். குடிலுக்குப் பசும்புல் வேண்டுமென்றால் டிசம்பர் 12 வாக்கில் கேழ்வரகு மண்ணில் விழுந்தாக வேண்டும். அடுக்குமாடி வீட்டின் சன்னல் விளிம்பும் ஒரு பழைய தட்டும் அதற்குப் போதிய இடம். விதைப்பதையும் நீர் தெளிப்பதையும் வீட்டில் உள்ள சிறு பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.